ஆசிரியர்கள் கூடி வாசித்த வரலாறு

ஆசிரியப் பயிற்சி வகுப்புகளில் இலக்கிய வட்டம் என்ற முறை இன்று பல நாடுகளில் கையாளப்படுகிறது. நான்கைந்து பேர் தாங்களே தேர்ந்துகொண்ட ஒரு நாவலைப் பகுதி பகுதியாகப் படித்து, படிக்கும்போது எழுந்த எண்ணங்களை எழுதிவைத்து, அந்தக் குறிப்புகளைத் தமக்குள் பரிமாறிக்கொண்டு, பின்னர் கூடிப் பேசுவதே இதன் நடைமுறை. விரிவுரையாளர் அங்கே பொருள் விளக்குபவராக அல்லாமல் பேச்சைக் கேட்பவராகவே இருப்பார். 1980களிலும் 1990களிலும் அமெரிக்கப் பள்ளிகளில் பெயர்பெற்ற இம்முறை பெரும்பாலும் அக்காலத்துப் புதுமையாகவே அறிமுகப்படுத்தப்படுகிறது. ஆனால் ஆசிரியர்கள் தம்மைத் தாமே பயிற்றிக்கொள்வதற்காகக் கூடி வாசித்த வழக்கம் அந்நாட்டில் அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அது எப்படி வளர்ந்தது, எங்கே தளர்ந்தது என்பதை அறியாமல் இன்றைய இலக்கிய வட்டத்தின் தகுதியைச் சரிவர மதிப்பிட முடியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்கச் சிற்றூர்களில் பாடம் நடத்தியவர்களில் பெரும்பாலோர் தொடக்கக் கல்வியை மட்டும் முடித்த இளைஞர்களும் இளம்பெண்களுமே. எல்லா வயதுப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த ஒற்றை அறைப் பள்ளியில், தாம் படித்த பாடப்புத்தகத்தையே திரும்ப ஒப்பிக்கச் செய்வதைத் தவிர அவர்கள் வேறு வழி அறிந்திருக்கவில்லை. ஆசிரியர்களை உருவாக்குவதற்கென்றே அரசு நடத்திய முதல் நார்மல் பள்ளி, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லெக்சிங்டன் ஊரில் 1839 ஜூலை 3 அன்று மூன்றே மாணவியருடன் தொடங்கியது. (நார்மல் பள்ளி என்பது ஆசிரியப் பயிற்சிப் பள்ளிக்கு அக்காலத்தில் வழங்கிய பெயர், சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியும் 1856இல் சென்னையில் இப்பெயருடனேயே தோன்றியது.) இத்தகைய பள்ளிகள் பெருகிய பின்னரும் அவற்றின் வாசலை மிதிக்காமலே வேலையில் சேர்ந்தோரே மிகுதி. அவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் சில நாள்களோ சில வாரங்களோ நடக்கும் ஆசிரியர் முகாமும், ஜோசையா ஹோல்ப்ரூக் 1826இல் மாசசூசெட்ஸில் தொடங்கிவைத்த லைசியம் எனும் ஊர்க் கல்விக் கழகங்களின் சொற்பொழிவுகளும்தாம். இரண்டிலும் ஒருவர் பேச மற்றவர் கேட்டனர். கேட்டவர் வாய்திறந்து பேசுவதற்கு வேறொரு இடம் தேவைப்பட்டது. அந்த இடத்தை முதலில் அமைத்துக்கொண்டவர்கள், கல்லூரிக் கதவுகள் தமக்கு அடைபட்டிருந்த பெண்கள்.

அவ்வகையில் முதன்மையாகக் குறிப்பிடத் தக்கது ஃபிலடெல்ஃபியாவில் 1831 செப்டம்பரில் கறுப்பினப் பெண்கள் நிறுவிய பெண்கள் இலக்கியச் சங்கம். அடிமை முறை நாட்டின் தென்பகுதியில் சட்டமாகவே நிலைத்திருந்த, கறுப்பினத்தாருக்கு எழுத்தறிவு புகட்டுவதே சில மாநிலங்களில் குற்றமாகக் கருதப்பட்ட காலம் அது. இச்சங்கத்தை நடத்தியவர்களில் ஒருவரான சாரா மேப்ஸ் டக்ளஸ் அந்நகரில் கறுப்பினக் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தியவர். சங்கத்தின் நடைமுறை எளியது, ஆனால் ஆழமான யோசனையின் விளைவு: உறுப்பினர்கள் தாம் எழுதியதைப் பெயர் குறிக்காமல் ஒரு பெட்டியில் இடுவர், கூட்டத்தில் அவை ஒவ்வொன்றாக எடுத்து உரக்கப் படிக்கப்படும், பின்னர் அனைவரும் அதன் கருத்தையும் நடையையும் ஆராய்ந்து குறைநிறை சொல்வர். எழுதியவர் யாரென்று தெரியாததால் கூச்சமுள்ளவரும் எழுதினர். குறை சொல்லப்பட்டபோது அது எழுத்தின்மீது மட்டுமே விழுந்தது. இவ்வாறு தேறிய எழுத்துகளில் பல, வில்லியம் லாய்ட் காரிசன் அதே ஆண்டில் தொடங்கியிருந்த அடிமை ஒழிப்பு இதழான ‘லிபரேட்டர்’ பக்கங்களில் வெளிவந்தன. டக்ளஸ் அதில் ‘சில்லா’ என்ற புனைபெயரில் எழுதினார். பின்னாளில் அவர், கறுப்பின ஆசிரியர்களை உருவாக்கிய ஃபிலடெல்ஃபியா நிறுவனமொன்றில் பெண் குழந்தைகள் பிரிவின் பொறுப்பை ஏற்றுப் பல ஆண்டுகள் பணியாற்றினார். கூடி வாசித்தலின் வரலாறு பேசப்படும்போது பாஸ்டன் நகரத்து வெள்ளையர் கூட்டங்களே முதலில் நினைவுகூரப்படுவது வழக்கமாகிவிட்டது. எழுத்தை முன்வைத்துப் பேசும் முறையைத் திட்டமாக வகுத்துக்கொண்ட இந்த ஃபிலடெல்ஃபியா ஆசிரியையும் அவர் தோழியரும் அந்த வரிசையின் தொடக்கத்திலேயே வைத்து எண்ணப்பட வேண்டியவர்கள்.

பாஸ்டனில் மார்கரெட் ஃபுல்லர் 1839இல் தொடங்கிய ‘உரையாடல்கள்’ எனும் தொடர் கூட்டங்கள் வேறொரு குறையைக் களைய எழுந்தவை. பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றியிருந்த ஃபுல்லர், பெண்கள் எவ்வளவு கற்றாலும் கற்றதைத் தம் சொல்லில் திருப்பிச் சொல்லும் வாய்ப்பு அவர்களுக்கு ஒருபோதும் தரப்படுவதில்லை என்று கருதினார். ஆகவே கிரேக்கப் புராணம் முதலிய பொருள்களைப் பற்றித் தாம் சிறிது பேசிவிட்டு, வந்திருந்த ஒவ்வொருவரையும் பேசவும் சில சமயம் எழுதிவரவும் தூண்டினார். எனினும் இவை நகரத்து வசதி படைத்தோர் கூடிய கூட்டங்கள். ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த ஆசிரியைகளை இவை எட்டவில்லை.

அந்தத் தொலைவைக் கடந்தது அஞ்சல். ஹார்வர்டு பேராசிரியர் ஜார்ஜ் டிக்னரின் மகளான அன்னா எலியட் டிக்னர், 1873இல் பாஸ்டனில் தம் வீட்டிலிருந்தே ‘இல்லக் கல்வி ஊக்குவிப்புச் சங்கம்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். நாட்டின் எந்த மூலையிலிருந்தும் ஒரு பெண் இதில் சேர்ந்து வரலாறு, இலக்கியம், அறிவியல், கலை போன்ற துறைகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். அவருக்கென ஒரு பெண் கடிதத் துணைவராக நியமிக்கப்படுவார். படிக்க வேண்டிய நூல்கள் அஞ்சலில் இரவலாக வரும். படித்த பின் நூலை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்தே குறிப்பெழுத வேண்டும் என்பது சங்கத்தின் உறுதியான விதி; அக்குறிப்புகள் மாதந்தோறும் துணைவருக்குச் செல்லும், துணைவர் அவற்றைப் படித்துத் தம் கருத்தும் கேள்வியும் சேர்த்து மறுகடிதம் எழுதுவார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டம் பெற்ற முதல் பெண்ணான எல்லன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் அறிவியல் பிரிவை நடத்தியவர் என்பதிலிருந்து இக்கடிதங்களின் தரத்தை ஊகிக்கலாம். நூலைப் பார்த்து எழுதுவதை விலக்கி நினைவிலிருந்து எழுதச் சொன்ன அந்த விதி, நகலெடுப்பதைத் தடுத்தது. படித்தவர் மனத்தில் எது தங்கியது என்பதை அவருக்கே காட்டிக்கொடுத்தது. டிக்னர் 1896இல் மறைந்த பிறகு அடுத்த ஆண்டிலேயே சங்கம் கலைக்கப்பட்டது. ஆனால் அதற்குள் 7,000க்கும் மேற்பட்ட பெண்கள் அதன் வழியே பயின்றிருந்தனர்.

ஒருவருக்கொருவர் எழுதும் கடிதத்தையும் பலர் கூடும் கூட்டத்தையும் ஒன்றாக இணைத்த பெருமை ஷட்டாக்வாவுக்கு உரியது. நியூயார்க் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் அப்பெயருடைய ஏரிக் கரையில், மெதடிஸ்ட் போதகர் ஜான் ஹேல் வின்சென்ட்டும் ஓஹையோவைச் சேர்ந்த அறுவடை இயந்திர உற்பத்தியாளர் லூயிஸ் மில்லரும் 1874 ஆகஸ்டில் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றை நடத்தினர். ஞாயிறு பள்ளி என்பது தேவாலயங்கள் வாரம் ஒருமுறை குழந்தைகளுக்கு விவிலியம் கற்பிக்கும் வகுப்பு. அதில் கற்பிப்போர் ஊதியம் பெறாத, பயிற்சியும் பெறாத பொதுமக்கள். அவர்களுக்கு விவிலிய நிலப்பரப்பு விளங்க வேண்டும் என்பதற்காக ஏரிக்கரையிலேயே மலையும் ஆறும் ஊரும் அமைந்த பாலஸ்தீனத்தின் சிற்றுருவம் மண்ணால் அமைக்கப்பட்டது. ஏரியே மத்தியதரைக் கடலாகக் கொள்ளப்பட, ஆசிரியர்கள் அந்நிலப்பரப்பின்மேல் நடந்து பாடம் கற்றனர். கல்லூரியில் படிக்கும் வாய்ப்பு வின்சென்ட்டுக்கு அமையவில்லை. அந்த ஏக்கம் அவரை வாழ்நாள் முழுதும் விடவில்லை. கோடை முகாம் முடிந்து ஊர் திரும்பியவர்கள் ஆண்டின் எஞ்சிய மாதங்களிலும் படிக்க வழிசெய்ய வேண்டும் என்று எண்ணிய அவர், 1878 ஆகஸ்டில் ஷட்டாக்வா இலக்கிய அறிவியல் வட்டத்தைத் தோற்றுவித்தார்.

நான்கு ஆண்டுப் படிப்புத் திட்டம் அது. சேர்ந்தவர்கள் குறிப்பிட்ட நூல்களைக் குறிப்பிட்ட மாதங்களில் படித்து, வினாத்தாளுக்கு வீட்டிலிருந்தே விடையெழுதி அனுப்ப வேண்டும். முதல் ஆண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நூல்களில் ஜான் ரிச்சர்ட் கிரீன் எழுதிய இங்கிலாந்து மக்கள் வரலாறு தலையாயது. முதல் ஆண்டில் 8,400 பேர் பதிவு செய்தனர். அவர்களில் 1,718 பேர் படிப்பை முடித்து 1882இல் சான்றிதழ் பெற்றனர். பதினெட்டு வயதில் இதன் செயலக வேலைக்கு வந்த கேட் கிம்பல், 1917இல் இறக்கும் வரை அப்பணியிலேயே இருந்து, எண்ணற்ற வாசகர்களுக்குக் கடிதம் எழுதினார். இயக்கத்தின் புகழ் முழுவதும் வின்சென்ட்டைச் சேர்ந்தாலும் அதை நாள்தோறும் இயக்கிய கை அந்தப் பெண்ணுடையது.

வின்சென்ட்டின் திட்டம் தனித்துப் படிப்போரையே முதன்மையாக மனத்தில் கொண்டிருந்தது. ஆனால் ஊர் மக்கள் அதைத் தம் விருப்பத்துக்கு வளைத்துக்கொண்டனர்: ஒரே நூலைப் படித்த அண்டை வீட்டார் தாமாகவே கூடத் தொடங்க, சிற்றூர்தோறும் உள்ளூர் வட்டங்கள் தோன்றின. அவற்றின் மாலைக் கூட்டங்கள் பெரும்பாலும் ஒரே ஒழுங்கில் நடந்தன. வருகைப் பதிவின்போது பெயர் அழைக்கப்பட்டவர் ‘உள்ளேன்’ என்று சொல்வதற்குப் பதிலாகப் படித்த பகுதியிலிருந்து தம்மைக் கவர்ந்த ஒரு வாக்கியத்தை எடுத்துரைப்பார்; முன்னரே பொறுப்பேற்றவர் ஒரு சிறு கட்டுரை வாசிப்பார்; கேள்விச் சீட்டுகள் இட்ட பெட்டி திறக்கப்பட்டு, விடை தெரிந்தவர் சொல்ல, தெரியாதது அடுத்த கூட்டத்துக்குத் தேடி வருமாறு ஒருவரிடம் ஒப்படைக்கப்படும்; மில்டன் போன்ற எழுத்தாளர்களின் நினைவு நாள்கள் கொண்டாடப்படும். பள்ளி ஆசிரியைகள் இவ்வட்டங்களில் இல்லாத ஊர் அரிது. தலைமையேற்கவோ கட்டுரை எழுதவோ ஊரார் முதலில் நாடியது அவர்களையே. 1880இலிருந்து ‘ஷட்டாக்வன்’ என்ற மாத இதழ் வட்டங்களின் செய்திகளை வெளியிட்டதால், ஓர் ஊரில் தோன்றிய பழக்கம் விரைவிலேயே நூறு ஊர்களின் பழக்கமானது.

இந்த வெற்றியைக் கண்ட மாநில ஆசிரியர் சங்கங்கள், ஆசிரியர்களுக்கென்றே தனி வாசிப்பு வட்டம் அமைக்க முற்பட்டன. 1880களின் தொடக்கத்தில் ஓஹையோவில் ஆசிரியர் வாசிப்பு வட்டம் உருவானது. சின்சினாட்டி நார்மல் பள்ளியின் முன்னாள் முதல்வர் டெலியா லேத்ரப் வில்லியம்ஸ் அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். இந்தியானா உடனே பின்தொடர்ந்தது, சில ஆண்டுகளில் வேறு பல மாநிலங்களும் சேர்ந்துகொண்டன. மாநிலக் குழு ஒன்று ஆண்டுதோறும் நூல்களைத் தேர்ந்தெடுக்கும். அவற்றில் ஒன்று கற்பித்தல் பற்றியதாகவும் இன்னொன்று இலக்கியமோ வரலாறோ சார்ந்த பொது அறிவு நூலாகவும் இருப்பது வழக்கம். பதிப்பாளர்களிடம் பேசி விலை குறைக்கப்படும். கவுண்டி எனும் நிர்வாகப் பிரிவுதோறும் ஒருவர் நூல்களை வரவழைத்து விநியோகிப்பார். ஆசிரியர்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை கூடி, படித்த அத்தியாயங்களைப் பற்றிப் பேசுவர். அக்காலத்து ஆசிரியர்கள் விரும்பிப் படித்த நூல்களுள் ஒன்றான பிரான்சிஸ் பார்க்கரின் ‘கற்பித்தல் பற்றிய உரைக் குறிப்புகள்’ பிறந்த விதமே இந்த வழக்கத்துக்கு நெருக்கமானது: 1882 கோடையில் மார்த்தாஸ் வின்யார்டு தீவில் ஆசிரியர்களிடம் பார்க்கர் பேசியவற்றை, கேட்டுக்கொண்டிருந்த லீலியா பேட்ரிட்ஜ் என்ற ஆசிரியை குறிப்பெடுத்து நூலாக்கினார். பேச்சிலிருந்து பிறந்த அந்நூல் ஊர் ஊராகச் சென்று மீண்டும் பேச்சைப் பிறப்பித்தது. வில்லியம் ஜேம்ஸ் 1899இல் வெளியிட்ட ஆசிரியர்களுக்கான உளவியல் உரைகளும் இவ்வாறே வட்டங்களின் வழியே சாதாரணப் பள்ளி ஆசிரியர்களை எட்டின.

ஆயினும் இவ்வட்டங்களின் வீழ்ச்சிக்கான காரணம் அவற்றின் அமைப்பிலேயே இருந்தது. உறுப்பினர்களைச் சேர்ப்பதற்கு எளிய வழியாகக் கல்வி அதிகாரிகள் வட்டத்தின் நூல்களை ஆசிரியர் உரிமத் தேர்வோடு இணைத்தனர். வட்டத்தின் நூல்களிலிருந்து தேர்வில் கேள்வி கேட்பதும், வட்டத்தின் படிப்பை முடித்தவருக்குத் தேர்வில் சலுகை தருவதும் பல இடங்களில் வழக்கமாயின. எண்ணிக்கை உயர்ந்தது, பேச்சு மெலிந்தது. தேர்வுக்குப் படிப்பவர் நூலோடு வாதிடுவதில்லை; வரக்கூடிய கேள்விக்கு விடை எங்கே உள்ளது என்றே தேடுகிறார். சனிக்கிழமைக் கூட்டங்களுக்கு அத்தியாயச் சுருக்கங்கள் அச்சிட்டு வழங்கப்பட்டன. மாநிலம் முழுவதும் ஒரே நூல் விற்கும் என்பதால் பதிப்பாளர்களுக்குள் போட்டியும் மூண்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பதிற்றாண்டுகளில் நார்மல் பள்ளிகள் கல்லூரிகளாக உயர்ந்து, கல்லூரியில் படித்த பாடங்களே ஆசிரியர் உரிமத்துக்கு அளவுகோலானபோது, உரிமத்தை நம்பி நின்ற வாசிப்பு வட்டங்களுக்கு வேலையில்லாமல் போயிற்று. உரிமத் தேர்வோடு பிணைக்கப்படாத ஷட்டாக்வா வட்டமோ இன்றும் ஆண்டுதோறும் நூல் தேர்ந்து வாசித்து வருகிறது.

கடல் கடந்து இவ்வழக்கம் பரவிய கதை தனியே எழுதத் தக்கது. இங்கிலாந்தில் 1889இல் தேசிய இல்ல வாசிப்பு ஒன்றியம் ஷட்டாக்வாவைப் பார்த்தே தோன்றியது. சுவீடனில் ஆஸ்கர் ஓல்சன் என்ற ஆசிரியர் 1902இல் மதுவிலக்கு இயக்கத்தினுள் தொடங்கிய படிப்பு வட்டம், அந்நாட்டின் முதியோர் கல்விக்கே அடிப்படையாக வளர்ந்தது.

அமெரிக்காவில் வட்டத்தின் சிந்தனை மீண்டும் உயிர்பெற்றது ஆசிரியப் பயிற்சியாளர் ஒருவரின் நூலால்தான். லூயிஸ் ரோசன்பிளாட் 1938இல் வெளியிட்ட ‘தேடலாக இலக்கியம்’ என்ற நூல், ஒரு படைப்பின் பொருள் அச்சிட்ட பக்கத்தில் மட்டும் ஒளிந்திருப்பதில்லை என்றும், படிப்பவர் தம் வாழ்வனுபவத்தோடு அதை எதிர்கொள்ளும் வேளையிலேயே அது உருவாகிறது என்றும் வாதிட்டது. அப்படியானால் ஒரே கதையைப் படித்த ஐவரிடம் ஐந்து அனுபவங்கள் இருக்கும். ஒவ்வொருவரும் தம் வாசிப்பைப் பிறர் முன் வைத்து, மீண்டும் பக்கத்துக்குத் திரும்பி, எது நூலில் உள்ளது, எது தாம் கொண்டுவந்தது என்று பிரித்தறிய வேண்டும். வாசகரின் எந்தக் கருத்தும் சரியே என்று அவர் சொன்னதாகச் சிலர் எடுத்துக்கொண்டது பிழை. நூலின் சொற்களுக்கு முன் ஒவ்வொரு வாசிப்பும் பொறுப்பேற்க வேண்டும் என்பதே அவர் நிலை. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 1948 முதல் 1972 வரை ஆங்கில ஆசிரியர்களை உருவாக்கிய அவருடைய கருத்து, பள்ளிகளைச் சென்றடைய நெடுங்காலம் பிடித்தது. அதுவரை வகுப்பறைகளில் நிலவியவை, திறமையின்படி பிரிக்கப்பட்ட குழுக்களும், துண்டு துண்டான பத்திகளும் கேள்விகளும் அடங்கிய வரிசைப் பாடநூல்களும்தாம்.

1982இல் பீனிக்ஸ் நகரத் தொடக்கப் பள்ளி ஆசிரியை கேரன் ஸ்மித், சக ஆசிரியர் ஒருவர் விட்டுச் சென்ற பெட்டியிலிருந்த நாவல்களை மாணவர்கள் கேட்டபடி எடுத்துக்கொள்ள விட்டார். பிள்ளைகள் தாமே குழுவாகிப் பேசிய பேச்சின் ஆழம் அவரை வியக்கவைத்தது. திறமையால் அன்றி நூல் தேர்வால் அமைந்த அத்தகைய குழுக்கள் பல ஊர்களில் தோன்ற, ஹார்வி டேனியல்ஸ் 1994இல் ‘இலக்கிய வட்டங்கள்’ என்ற நூலில் அம்முறையைத் தொகுத்தளித்தார். புதியவர்களுக்கு உதவியாக அவர் பொறுப்புத் தாள்களைத் தந்திருந்தார்: ஒருவர் கேள்விகளைத் தொடங்கிவைப்பார், ஒருவர் சிறந்த பகுதிகளைச் சுட்டுவார், ஒருவர் கதையைத் தம் வாழ்வோடு இணைப்பார், ஒருவர் காட்சியை வரைந்து காட்டுவார். பேசப் பழகிய பின் கைவிட வேண்டிய அத்தாள்கள் வகுப்பறைகளில் நிரந்தர வேலைத்தாள்களாக இறுகிவிட்டதைக் கண்ட டேனியல்ஸ், 2002இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்த ஆபத்தை வெளிப்படையாகவே எச்சரித்தார்.

ஆசிரியப் பயிற்சிக்குள் இலக்கிய வட்டம் நுழைந்தபோது அதற்குச் சொல்லப்பட்ட காரணம் நேரடியானது: பள்ளிப் பருவம் முழுதும் நூலைத் தேர்வுக்கென்றே படித்த ஒருவர், விரும்பிப் படித்து வாதிட்ட அனுபவம் இல்லாமல், குழந்தைகளின் வட்டத்தை நடத்த முடியாது. மேய்ன் மாநில ஆசிரியை நான்சி அட்வெல் 1987இல் எழுதிய நூல் வழியே பரவிய, மாணவரும் ஆசிரியரும் படித்தவற்றைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொள்ளும் முறையும் இதற்குத் துணைசெய்தது. கூட்டத்தில் பேசத் தயங்கும் பயிற்சி ஆசிரியர் எழுத்தில் தயங்குவதில்லை என்பதும், முன்கூட்டியே எழுதியவர் பேசும்போது நூலுக்கு நெருக்கமாக நிற்கிறார் என்பதும், ஃபிலடெல்ஃபியாப் பெண்களும் டிக்னரின் மாணவியரும் நடைமுறையில் கண்டறிந்திருந்த உண்மைகளே. ஆகவே இம்முறையைத் தம் பயிற்சி நிறுவனங்களில் புகுத்த விரும்புவோர் எழுதுவதையும் பேசுவதையும் தாராளமாகப் புகுத்தட்டும். அந்த எழுத்துக்கும் பேச்சுக்கும் மதிப்பெண் இடுவதை மட்டும் தவிர்க்கட்டும்.